நடுவில் கருகும் சுருள்

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தாறு. வித்தைக்கு வயதைப் பற்றி என்ன கவலை?

கோவையில் மின்சார அடுப்பு செய்யும் சின்னப் பட்டறை அது. மில் மூடிய பிறகு அங்கே தொழில் கற்க வந்தவர் நாச்சிமுத்து. கற்றுக்கொடுப்பவள் சௌடேஸ்வரி. பட்டறையில் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

தான் வடிவமைத்த அடுப்பு ஒன்றாவது கடைக்குப் போக வேண்டும் என்பது நாச்சிமுத்துவின் ஆசை. அதற்கு அது ஒரு பகல் முழுக்க எரிந்து காட்ட வேண்டும். பீங்கான் தட்டில் வளைந்தோடும் பள்ளமான காடியில் அவர் பதித்த சுருள் கம்பியோ ஒவ்வொரு முறையும் நடுவில் கருகி அறுந்தது. கனமான கம்பிக்கு மாறினார். அதே சூட்டுக்குக் கனமான கம்பி அதிக நீளம் வேண்டும். அது முன்னதைவிடச் சீக்கிரம் அறுந்தது. மனிதர் நொந்துபோனார்.

"டீச்சர், கம்பி சரியில்லைங்க. இன்னொருக்காப் போச்சுன்னா நான் ஊருக்கே கெளம்பிடறேனுங்க."

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"இல்லைங்க."

"வாங்க."

சாப்பாட்டு அறையில் ஒரு நீள பெஞ்சு. சித்திரை வெயில் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. சௌடேஸ்வரி இரண்டு ஓரத்திலும் ஆட்களைத் தாராளமாக உட்காரவைத்தாள். மிஞ்சியவர்களை நடுவில் திணித்தாள். அவர்களுக்கும் நடுவில் நாச்சிமுத்து.

இரண்டு கவளம் உள்ளே போவதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது.

"ஏனுங்க டீச்சர், என்னைய வேக வெக்கறீங்களா?"

"ஓரத்துல இருக்கறவங்களக் கேளுங்கண்ணா."

ஓரத்தில் பழனிச்சாமி மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தான். "நமக்கு ஒண்ணும் தெரியலீங்க. சொகமாத்தான் இருக்குது."

நாச்சிமுத்துவின் கை சோற்றிலேயே நின்றது. பிறகு அவசரமாகக் கை கழுவிக்கொண்டு மேசைக்கு ஓடினார்.

வெளிவட்டத்திலிருந்து சுருளைப் பதித்துக்கொண்டே வந்து, மிஞ்சியதை நடுவில் அமுக்கி முடிப்பது அவர் வழக்கம். இன்றைக்கு ஒரு நூலைக் காடிக்குள் ஓடவிட்டு நீளம் அளந்தார். அந்த நீளத்துக்குச் சுருளைச் சீராக இழுத்துக்கொண்டு, அதன் பிறகே பதித்தார். மிச்சம் என்று எதுவும் இல்லை.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டார். தட்டு முழுக்க ஒரே சிவப்பு. மதியமும் அதே சிவப்பு. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாச்சிமுத்து சாப்பிடவும் போகவில்லை, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

சாயங்காலச் சங்கு ஊதியபோதும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பழனிச்சாமி விசிலடித்தான். நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.

"ஜெயிச்சுட்டேனுங்க டீச்சர். கருகவே இல்லை. அணைச்சுப் பத்திரமா எடுத்து வெக்கட்டுங்களா?"

சௌடேஸ்வரி பால் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"கருகாம இருக்கறதுக்கா அடுப்புச் செஞ்சீங்கண்ணா? பாலை வெய்யுங்க. எல்லாரும் டீக்குக் காத்திருக்காங்க."