நடு இடம் பிடித்த இரும்பார்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் இரும்புக்கும் வாய் இருந்தது. பூமி வெறும் கொதிக்கிற கூழ். மேல், கீழ் கிடையாது. எல்லாரும் கலந்துகட்டி மிதந்தார்கள்.

ஒருநாள் சூரியன் சேதி அனுப்பினார்: "பார்க்க வருகிறேன். ஒருவருக்கு என் கையால் பச்சைப் பட்டுச் சால்வை போர்த்துவேன்."

இரும்பார் தொண்டையைச் செருமினார். "மேடையில் நடு இடம் தலைவருக்கு. சால்வையும் அங்கேதான் வரும். யாருக்கு எடை அதிகமோ அவர்தான் தலைவர்."

எடைதான் தகுதி என்று யார் முடிவு செய்தது? இரும்பார். எடை அதிகம் யாருக்கு? அதுவும் இரும்பாருக்கு. யாராவது வாயைத் திறந்தார்களா? கருங்கல் மட்டும் திறந்தாள்.

"விதியும் நீங்களே, வெற்றியும் நீங்களே என்றால் இது என்ன போட்டி அண்ணே?"

"நீ லேசான பிள்ளை. காற்றடித்தால் பறந்துவிடுவாய். ஓரமாகப் போ!"

கருங்கல்லைப் பார்த்து லேசு என்றார்! கூட்டமும் சிரித்தது.

"ஓரத்தில் குளிருமே. எனக்குத்தானே அந்தச் சால்வை வேண்டும்?"

"குளிர்ந்து இறுகிப் போ" என்று சொல்லிவிட்டு, இரும்பார் தொப்பென்று நடுவில் இறங்கினார். "மாமா, நானும்!" என்று மருமகன் நிக்கல் தன் கூட்டத்தோடு பின்னாலேயே குதித்தான். தலைவர் பக்கத்தில் நின்றால் சால்வையின் ஒரு முனையாவது கிடைக்குமென்று நடுத்தர எடைப் பாறைகளெல்லாம் அவர்கள்மேல் அப்பிக்கொண்டன. கருங்கல் வெளியே குளிர்ந்து இறுகினாள்.

சூரியன் வந்தார். "ஒருத்திதான் இருக்கிறாயா?"

"தலைவர் உள்ளே இருக்கிறார். கூப்பிடுகிறேன். அண்ணே, எழுந்து வாங்க!"

"வருகிறேன், வருகிறேன்! டேய், நகருங்கடா!"

"நாங்கள் நகர்ந்தால் எங்கள் இடம் போய்விடுமே தலைவரே" என்றன பாறைகள். ஒன்றும் அசையவில்லை.

சூரியன் காத்துப் பார்த்தார். பொழுது சாய்ந்தது. "கண்ணுக்குத் தெரிகிறவளுக்குத்தானே போர்த்த முடியும்?" என்று சால்வையைக் கருங்கல்லின் தோளில் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அன்று முதல்தான் நிக்கல் கூட்டம் வெக்கையில் உருகிச் சுற்றிச் சுற்றி ஓட, நட்டநடுவில் இரும்பார் உருகக்கூட இடமில்லாமல் நசுங்கிக் கிடக்கிறார். மேலே மெல்லிய ஓடாகக் கிடக்கும் கருங்கல்லோ காட்டையும் வயலையும் போர்த்திக்கொண்டு வெயில் காய்கிறாள். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை என்று அவர்கள் கத்தும்போது மட்டும், போனால் போகிறதென்று ஒரு மலையின் வாயைத் திறந்துவிடுகிறாள்.