ஒன்பதாயிரம் ஜாதகம் காத்த சட்டநாதனார்

சீர்காழியில் ஒரு திருமணத் தகவல் நிலையம் இருந்தது. அங்கே கணினியைத் துடைத்து, ஒயர்களைச் செருகி, அன்றன்று சேரும் ஜாதகங்களைப் பிரதி எடுத்துவைக்கும் எளிய ஊழியம் செய்துவந்தவர் சட்டநாதனார். பிள்ளையாரிடம் மாறாத அன்பு பூண்டவர். அந்த அன்பும் இந்த ஊழியமும் அவருக்கு வேறுவேறாகத் தோன்றியதே இல்லை.

பிரதிக்கென்று அவரிடம் இரண்டு டிஸ்க்குகள் உண்டு. தினமும் மாலையில் ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றி, மட்கார்டு இல்லாத சைக்கிளில் ஊரின் மறுகோடியிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோவார். முதல்நாள் அங்கே வைத்ததை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குத் திரும்புவார். தீயோ வெள்ளமோ ஓரிடத்துக்கு வந்தால் மற்றோரிடம் பிழைக்கட்டும் என்ற எண்ணம்தான். குருக்கள் டிஸ்க்கைத் தட்டில் வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "பேரு, நட்சத்திரம்?" என்பார்.

"ரெண்டாம் டிஸ்க், அஸ்த நட்சத்திரம்."

அது கடையில் வாங்கிய நாளின் நட்சத்திரம். கோத்திரம் தெரியாததால் சிவகோத்திரம் என்று சேர்த்து, குருக்களும் அர்ச்சனையை முடித்து அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். வாரம் ஒருமுறை அடியார் தம் பழைய லேப்டாப்பைச் சுமந்துபோய், மண்டபத்தில் அமர்ந்து, பிரதி சரியாகத் திறக்கிறதா என்று பார்ப்பார். பார்த்ததும் லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிடுவார். பெண் வீட்டார் விவரம் கண்ட இடத்தில் கிடக்கலாமா?

நிலையத்தில் இதற்கெல்லாம் மரியாதை கிடைக்கவில்லை. உரிமையாளர் தையல்நாயகி அம்மாள் நல்ல வார்த்தை தவிர வேறு பேச விடாதவர். விளக்கை அங்கே யாரும் அணைப்பதில்லை, குளிரவைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தினமும் ஒருவர் "எல்லாம் போயிட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? தட்டச்சு செய்யும் மரகதவல்லி அவர் வரும்போதெல்லாம் அபசகுனம் ஒட்டாமலிருக்க மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அடியார் அதையும் தமக்குச் செய்யும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார், பாவம்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமியன்று முந்நூறு குடும்பங்கள் கூடும் பெரிய வரன் சந்திப்பு. கணினிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. திரையில் சரஸ்வதி சிரித்துக்கொண்டிருந்தாள். கணினிப் பெட்டியின் தலையிலேயே கலசத்தை ஏற்றிவைத்து, நிலையத்திலிருந்த டிஸ்க்கையும் அடியில் கிடத்திய அம்மாள், "கோயில்ல இருக்கறதையும் கொண்டாங்க சட்டநாதன். எல்லாம் பூஜையில இருக்கணும்" என்றார்.

"மன்னிக்கணும்மா. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கணும்."

"நல்ல நாள்ல என்ன பேச்சு இது? கொண்டுவர முடியாதுன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

அடியார் திரையில் இருந்த தேவியை வணங்கிவிட்டு, லேப்டாப்போடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளையாரிடமே போய்விட்டார்.

அம்மாள் கற்பூரத் தட்டைச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் முழங்கை கலசத்தில் பட்டது. மஞ்சள் தண்ணீர் முழுவதும் பெட்டிக்குள் இறங்கியது. படபடவென்று சத்தம், ஒரு கீற்றுப் புகை, சரஸ்வதியைக் காணோம். அடியில் கிடந்த டிஸ்க்கும் குளித்துவிட்டது. காகித ஜாதகங்களை இடம் அடைக்கிறதென்று போன வருஷமே பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று. ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரின் கல்யாணம் ஒரே செம்புத் தண்ணீரில் கரைந்தது.

சர்க்கரைப் பொங்கலைத் தொடாமல், நெற்றியில் ஈரத்துணியோடு அம்மாள் சாய்ந்தார். அந்தப் பகல் உறக்கத்தில் ஒற்றைக் கொம்போடு ஒருவர் கொழுக்கட்டை தின்றபடி தோன்றினார்.

"காலையிலேருந்து கூப்பிடறேனே சாமி, வரலியே" என்று அழுதார் அம்மாள்.

"எப்படி வர்றது? சட்டநாதன் ஒரு பெட்டியைப் பார்த்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்கான். அதை விட்டுட்டு நான் எழுந்து வரலாமா?"

அம்மாள் விழித்ததும் செருப்பைக்கூட மறந்து ஆட்டோவில் ஏறிவிட்டார். கோயில் மண்டபத்தில் அடியார் லேப்டாப்பில் பிரதியைத் திறந்துவைத்திருந்தார். அசுவினி முதல் ரேவதி வரை ஒருவர் குறையவில்லை. அம்மாள் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்லிக் கைகூப்பினார்.

"பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கும் வரணும், என்னைக்கும் வரணும். அதைக் கொடுங்க, உடனே போகணும்."

அடியார் தரவில்லை.

"இப்போ இது ஒண்ணுதாம்மா இருக்கு. வழியில கீழ விழுந்தா? லேப்டாப்புல முழுசா ஒரு பிரதி ஏத்திட்டுத் தர்றேன். முக்கால் மணி நேரம் ஆகும், உக்காருங்க."

அம்மாள் தரையில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளையாரின் வலத்தோளிலிருந்து ஒரு செம்பருத்தி நழுவி விழுந்தது. குருக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அதை எடுத்துவந்து அடியாரின் காதில் செருகினார். அடியார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடவுளே காவல் இருந்தும் இன்னொரு பிரதி எடுத்தவர் சட்டநாதனார். அதற்காகக் கோபித்துக்கொள்ளாமல் பூக்கொடுத்தவர் அந்தப் பிள்ளையார். இருவர் திருவடிகளுக்கும் நம் வணக்கம்.