இரண்டு தெப்பமும் ஒரே எடை

தொண்டிக்குத் தெற்கே கடலோரமாக ஒரு மடம். கடலில் பாசி வளர்த்து விற்றுக் கஞ்சி குடித்தவர்கள் அங்கே நாற்பது பேர். குரு தவசியம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. மூத்த சீடர் கோட்டைச்சாமிக்கு அறுபது தாண்டிவிட்டது. சீடர் குருவை "அம்மா" என்பார், குரு சீடரை "ஐயா" என்பார். இதைக் கேட்டுச் சிரிக்காத வெளியூர்க்காரர் இல்லை.

அன்று காலை மடத்தில் சேர வேண்டும் என்று பதினொரு பேர் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சேர்ப்பதும் அனுப்புவதும் கோட்டைச்சாமியின் பொறுப்பு. ஒன்பது வருஷத்தில் ஒருவரைக்கூட அவர் திருப்பி அனுப்பியதில்லை. அலுத்துப்போய்க் குருவைத் தேடிப் போனார். குரு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் பதினொரு பேர் வந்திருக்காங்கம்மா. இப்பவே திரும்பிப் படுக்கணும்னா பக்கத்து ஆளை எழுப்ப வேண்டியிருக்கு. சேக்கவா, வேணாமா?"

"முதல்ல இந்த ரெண்டு தெப்பத்தையும் கரைக்கு இழுங்க ஐயா."

மூங்கில் சட்டத்தில் கயிறுகளைக் கட்டி, கயிற்றில் விதைப்பாசியைத் துண்டு துண்டாக முடிந்து மிதக்கவிடுவார்கள். நாற்பத்தைந்து நாள் முன்பு ஒரு தெப்பத்தைக் குரு கட்டினார், முடிச்சுக்கு முடிச்சு ஒரு சாண் விட்டு. இன்னொன்று கோட்டைச்சாமி கட்டியது. மிஞ்சிய துண்டுகளை வீச அவருக்கு மனம் வரவில்லை. அதுவும் உயிர்தானே என்று இடைவெளியிலெல்லாம் முடிந்துவிட்டார்.

தராசில் போட்டார்கள். குருவின் தெப்பத்துப் பாசி இருநூறு கிலோ. கோட்டைச்சாமியுடையதும் இருநூறு.

"பாத்தீங்களா," என்றார் கோட்டைச்சாமி. மூச்சு வாங்கியது. "நெருக்கிக் கட்டாதீங்கன்னு சொன்னீங்க. ஒண்ணும் குறையல."

"ரெண்டு மடங்கு கட்டினீங்க. ரெண்டு மடங்கு வந்துச்சா?"

"வரல."

"சரி, அடுத்த தடவைக்கு விதை எடுங்க. உங்க குவியல்ல இருந்தே எடுங்க."

அவர் மணலில் உட்கார்ந்தார். எந்த முடிச்சிலும் தடித்த கிளை இல்லை. எல்லாவற்றிலும் பாசி நூல் நூலாகத் தொங்கியது, தொட்டால் ஒடிந்தது. வெயில் ஏறும்வரை தேடினார். ஒரு கைப்பிடி கிடைத்தது. குருவின் குவியலிலோ கை வைத்த இடமெல்லாம் விரல் தடிமனில் கிளைகள்.

"இது விதைக்கு ஆகாதும்மா."

"நம்ம மடத்துல விதைக்கு ஆகிற ஆள் எத்தனை பேர் ஐயா?"

கோட்டைச்சாமி நாற்பது முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். தன்னுடையதைக் கடைசியாக நினைத்தார்.

"அப்ப வந்தவங்களப் போகச் சொல்லிரவா?"

"சொல்லுங்க. நீங்களும் அவங்களோட போங்க. மோர்ப்பண்ணைப் பக்கம் கடல் சும்மாத்தான் கிடக்கு, அங்க தெப்பம் கட்டுங்க."

அவர் குருவை நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை.

"எனக்கு அறுபத்திரண்டு வயசும்மா. ஓய்ஞ்சுபோய்த்தான் இங்க வந்து சேர்ந்தேன். இனிமே போய் நான் பதினொரு பேருக்கு என்னத்தச் சொல்றது?"

குருவும் களைத்திருந்தார். ஈரக் கயிற்றை உதறி, மெல்லச் சுருட்டத் தொடங்கினார்.

"ஒன்பது வருஷமா உங்க பக்கத்துலயே இருக்கேன்," என்றார் கோட்டைச்சாமி. "எனக்கே இன்னும் ஒண்ணும் பிடிபடலையே."

"நான் பக்கத்துல இருக்கிறவரைக்கும் எப்படி ஐயா பிடிபடும்?"