மடையடி நாவல்

மடையடி நாவமரத்துக் கீழ அன்னிக்கு ஒருத்தர் வாங்கின ஏச்சுல கண்மாய்த் தண்ணியே கொதிச்சிருக்கும்.

ஏசினது வைத்தியக்காரி இருளாயி. நாப்பது வயசுகூட ஆகல. வாங்கிக் கட்டினது அவகிட்ட வைத்தியம் படிக்க வந்த சன்னாசி. பென்சன் வாங்குற பஸ் கண்டக்டர். கூடப்பொறந்த அக்காளையே டிக்கெட் எடுக்கலன்னு பாதி வழியில எறக்கி விட்ட மனுசன். பாவம், கையில சேவலோட ஆறு மைல் நடந்தா. அந்தச் சேவல் கதை தனி. அது கெடக்கட்டும்.

தையில இருளாயி, தங்கச்சிக்குப் பேறுகாலம் பாக்க வெளியூர் போயிட்டா. இங்க ஊரெல்லாம் வயித்தோட்டம். நாவப்பட்டைக் கசாயம் வேணும். ஒரு பக்கமா நாலு விரக்கடை உரிச்சு, காயத்துல சாணி மொழுகணும். அடுத்த தடவைக்கு அடுத்த பக்கம். அவ சொல்லிக் குடுத்தது அதுதான். இவரு மரத்தைச் சுத்தி வளைச்சு உரிச்சுட்டாரு.

ஆடியில அவ திரும்பி வந்தா. சன்னாசி கையோட கூட்டிப் போனாரு.

"பாருங்க தாயி! சுத்தி உரிச்சா பட்டுப்போகும்னீங்க. என்னைக்காச்சும் இப்படிக் காய்ச்சிருக்கா?"

எலை தெரியல, அம்புட்டுக் காய்ப்பு. இருளாயி குனிஞ்சு, பட்டை போன எடத்தைத் தடவினா. மொகம் கறுத்துப்போச்சு.

"ஏண்ணே, கத்தி கையில இருந்தா புத்தி எங்க போகும்?"

சன்னாசிக்கும் சுருக்குனு ஏறிருச்சு.

"ஊரே கெடையில கெடந்துச்சு. அளந்து அளந்தா உரிப்பாக? எல்லாரும் பொழச்சாகள்ல? ஒரு நல்ல வார்த்தை உண்டா?"

"நல்ல வார்த்தையா? உச்சியைப் பாருங்க."

உச்சிக் கொப்பு கருகிக் கெடந்துச்சு.

கீழ கெடந்த பழம் ஒண்ணை ஊதி அவரு கையில வச்சா.

"தின்னுங்க. இனிக்குதா?"

"இனிக்குது."

"சாகப்போறது தெரிஞ்சு, இந்த நாவ இருக்கறதையெல்லாம் அள்ளிப் பிள்ளைக கையில குடுக்கறா. நீங்க அவ நல்லாருக்கான்னு கூட்டியாந்து காட்டுறீக."

சன்னாசிக்குக் கொட்டையை முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

"நான் என்ன செய்யட்டும் தாயி?"

"துப்பி, நட்டு வைங்க. அதுல பட்டை உரிக்கற நாள் வரைக்கும் ஒருத்தருக்கும் நீங்க மருந்து குடுக்கப்படாது."

"அதுக்கு இருவது வருசமாகுமே! எனக்கு இப்பவே அறுவத்திரண்டு!"

"உரிக்கறதுக்கு எம்புட்டு நேரமாச்சுண்ணே?"