ஆலயக் கிணற்றில் இறங்கியவள்

ஆலயத்துக் கிணறு வற்றியதும் சபைச் செயலாளர் மாசிலாமணி முப்பது நாள் உபவாச ஜெபம் அறிவித்தார். ஆலயத்தைப் பெருக்கும் பாக்கியத்தாய் மட்டும் அதில் உட்காராமல் தினமும் கிணற்றில் இறங்கித் தூர்வாரினாள். மேலே நின்று அவள் கணவன் தாவீது மண்கூடையை இழுத்துப் போட்டான்.

மாசிலாமணி அவளைக் கூப்பிட்டனுப்பினார். "ஜெபிக்கச் சோம்பல்படுறவளுக்கு இங்க வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு இந்தக் கிணத்துத் தண்ணி வேணும். நீ கொண்டுவரலேன்னா போயிரலாம்."

"சரிங்கய்யா," என்று அவள் மறுபடியும் இறங்கினாள். ஒவ்வொரு கூடை மண்ணுக்கும் ஒருமுறை, "தண்ணி தாரும் ஆண்டவரே," என்றாள்.

சனிக்கிழமை காலையில் பாறை இடுக்கில் கடப்பாறையைப் போட்டதும் குளிர்ந்த நீர் பீறிட்டு அவள் முழங்காலை நனைத்தது. உடம்பெல்லாம் சிலிர்க்க, கும்பிட்ட கையோடு நின்றாள்.

சபையே கிணற்றைச் சுற்றிக் கூடிவிட்டது. "பார்த்தீங்களா, என் ஜெபத்தோட பலனை?" என்றார் மாசிலாமணி.

"ஆமாங்கய்யா," என்று உள்ளிருந்து பாக்கியத்தாய் சொன்னாள். "நீங்க மேலே பார்த்துக் கேட்டீங்க. அவர் கீழே வச்சிருந்தாரு."

கீழே நீர் ஊறும் சத்தம் கேட்டது. மாசிலாமணி மெல்லத் தன் செருப்பைக் கழற்றினார். பிறகு தாவீதிடமிருந்து கயிற்றை வாங்கி, அடுத்த கூடையை இழுத்தார்.