காதுக்குள்ள நத்தை எப்படி வந்துச்சு

அந்தக் காலத்துல, எறும்பும் யானையும் ஒரே பாஷையில வம்பளந்துக்கிட்டிருந்த காலத்துல, ஒரு மத்தியானம் ஏரிக்கு மேல இடி விழுந்துச்சு. வெள்ளச்சிங்கற முயலோட அஞ்சு குட்டியில, ஏரியோரம் நின்ன மூணு அந்த இடத்துலயே செத்துப்போச்சு. மின்னல் படல, மரம் சாயல. சத்தம்தான் கொன்னுச்சு. காது வெடிச்சு, வாயைத் திறந்தபடியே கிடந்துச்சுங்க.

ஏன்னா அப்போ காதுங்கறதே வேற மாதிரி. வர்ற சத்தத்தை அப்படியே, துளி குறைக்காம, முழுசா உள்ள வாங்கிக்கும். ஒரு எறும்போட காலடிச் சத்தத்தை ஒண்ணுன்னு வச்சுக்கங்க. நரி பதுங்கிப் பதுங்கி வைக்கிற அடி, நூறு எறும்பு. ஒரு தவளை கத்துனா பத்து லட்சம் எறும்பு. சரி, அது வரைக்கும் காது தாங்கிக்கும். இடி எவ்வளவு தெரியுமா? லட்சம் கோடி எறும்பு. லட்சம் கோடி எறும்பு ஒரே நேரத்துல ஒரு முயல்குட்டி காதுக்குள்ள மிதிச்சுக்கிட்டுப் போனா என்ன ஆகுமோ, அதுதான் ஆச்சு.

ஆனா அந்தப் பழைய காதுல ஒரு அருமையும் இருந்துச்சு, அதையும் சொல்லிடணும். யாரோட சத்தமும் இன்னொருத்தர் சத்தத்துல காணாமப் போகாது. தவளைங்க மொத்தமா கத்திக்கிட்டிருக்கும்போதும் ஒரு எறும்பு கால் இடறுச்சுன்னா, அந்த ஒண்ணும் கூடச் சேர்ந்துச்சுன்னு காது எண்ணிக்கும். இருந்தவரைக்கும் யாரும் அதைப் பெருசா நினைக்கல.

மழைக்காலம் அப்பத்தான் ஆரம்பிச்சிருந்துச்சு. இன்னும் எத்தனை இடி வரப்போகுதோ. மிச்சமிருந்த ரெண்டு குட்டியையும் வயித்துக்கடியில அமுக்கி வச்சுக்கிட்டு வெள்ளச்சி வானத்தையே பாத்துக்கிட்டிருந்துச்சு. காட்டுல எல்லார் வீட்டுலயும் சாவுதான். கொம்பன்னு ஒரு யானை, அதுதான் அங்க பெரிய தலை, மறுநாள் காலையில எல்லாரையும் ஏரிக்கரைக்குக் கூப்பிட்டுச்சு.

கீரி எந்திரிச்சு சொன்னுச்சு: "இதுல யோசிக்க என்ன இருக்கு? இலவம்பஞ்சை எடுத்துக் காதுல அடைங்க. சத்தம் பத்துல ஒரு பங்கா குறைஞ்சிடும்."

"பத்துல ஒரு பங்கு இடியும் கொல்லுமே"ன்னுச்சு வெள்ளச்சி.

"அப்போ இன்னும் அடை. நூத்துல ஒரு பங்கு. ஆயிரத்துல ஒரு பங்கு. பஞ்சுக்கா இங்க பஞ்சம்?"

அடைச்சாங்க. கோடியில ஒரு பங்கா குறையற வரைக்கும் திணிச்சாங்க. அடுத்த இடி விழுந்துச்சு, ஒருத்தரும் சாகல. கீரி வாலைத் தூக்கிக்கிட்டு காட்டைச் சுத்தி வந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் வெள்ளச்சி ஒரு குட்டியை நக்கிக் குடுத்துக்கிட்டிருந்துச்சு. இன்னொரு குட்டி முதுகுப் பக்கம் படுத்திருந்துச்சு. நக்கி முடிச்சுத் திரும்பிப் பாத்தா, புல்லு மட்டும் அமுங்கியிருக்கு. நரி வந்துட்டுப் போயிருக்கு. கோடியில ஒரு பங்குன்னா இடிக்கு மட்டுமா, எல்லாத்துக்கும்தானே. நரியோட நூறு எறும்பு அடி பஞ்சுல பட்டு ஒண்ணுமில்லாமப் போயிடுச்சு.

வெள்ளச்சி ஏரிக்கரைக் கூட்டத்துக்கு ஓடி வந்து, பஞ்சைப் பிடுங்கி கீரி மூஞ்சியிலயே எறிஞ்சுச்சு. கீரி அதைத் துடைச்சுக்கக்கூட இல்ல.

"கொம்பண்ணே, இடிக்கு அடைச்சா நரி கேக்க மாட்டேங்குது. நரிக்குத் திறந்தா இடி கொல்லுது. ரெண்டும் ஒரே காதுல அடங்கணும். எனக்கு இருக்கறது இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?"

"எனக்குத் தெரியல தாயி"ன்னு சொல்லி யானை தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

அப்போ ஒரு இலைக்கடியில இருந்து குரல் வந்துச்சு. "என் வீட்டுல ரெண்டும் அடங்கியிருக்கே."

சுருளிங்கற நத்தை. காலையில கூப்பிட்ட கூட்டத்துக்கு இப்பத்தான் வந்து சேர்ந்துச்சு.

"வாங்க வாங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் வாங்க"ன்னுச்சு கீரி.

சுருளி அதைக் காதுலயே போட்டுக்கல. "வெள்ளச்சி, என் முதுகைப் பாரு. நடுவுல கடுகாட்டம் தெரியுதுல்ல, நான் பொறந்தப்போ இருந்த வீடு அது. அதை நான் இடிக்கல. இப்போ இத்தனை பெரிய உடம்பை வச்சுக்கிட்டுக் குடியிருக்கறதும் இதே வீட்டுலதான். எப்படின்னு நினைக்கிற?"

"அறையறையா சேர்த்துக் கட்டியிருப்ப."

"சேர்த்துக் கட்டினா ஆயிரம் அறை ஆயிருக்கும், யாரு தூக்கறது? நான் பெருக்கிக் கட்டுறேன். ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்தைப்போல பல மடங்கு. கடுகுல இருந்து இந்த உடம்பு வரைக்கும் வர எனக்கு நாலே சுத்துதான் ஆச்சு."

"அதுக்கும் என் பிள்ளை காதுக்கும் என்ன சம்பந்தம்?"

"காதுக்குள்ள இதே மாதிரி ஒரு கூடு வைப்போம். வர்ற சத்தம் அதுல ஏறட்டும். ஒரு சுத்து ஏறணும்னா அது பத்து மடங்கு ஆகணும். காது எறும்பை எண்ண வேணாம், எத்தனை சுத்து ஏறுச்சுன்னு மட்டும் எண்ணட்டும்."

வெள்ளச்சி குட்டியை இன்னும் கிட்ட இழுத்துக்கிச்சு. "எறும்பு வந்தா?"

"ஏறாது, வாசல்ல நிக்கும். ஆனா வாசல்ல யாரோ நிக்கறாங்கன்னு தெரியும்."

"நரி?"

"நூறு எறும்பு. பத்துப் பத்து நூறு. ரெண்டு சுத்து."

"தவளை?"

"ஆறு."

"இடி?"

சுருளி கொம்பை நீட்டிக் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுச்சு. "பன்னண்டு."

லட்சம் கோடி, பன்னண்டா வந்து நிக்குது. பள்ளிக்கூடத்துல மடக்கைன்னு ஒண்ணு சொல்லிக் குடுத்து, அது எதுக்குன்னு மட்டும் சொல்லாம விட்டுடறாங்களே, கால்குலேட்டர்ல லாக்னு ஒரு பட்டன் யாரும் தொடாமக் கிடக்குதே, அது இதேதான். பத்தை எத்தனை தடவை பெருக்கினா இந்த எண் வரும்? அந்தத் தடவைதான் மடக்கை. நூறுக்கு ரெண்டு, ஆயிரத்துக்கு மூணு. இடி இன்னும் பத்து மடங்கு பெருசானாலும் பன்னண்டு போய் பதிமூணு ஆகும், அதுக்கு மேல ஒண்ணும் ஆகாது. உலகத்துல இருக்குற பெருக்கலெல்லாம் உள்ள வந்ததும் கூட்டலா மாறி, சாதுவா உக்காந்துக்கும். ஒரு முயல்குட்டி காதுல வானமே அடங்கிடும்.

கீரி மட்டும் விடல. "ரெண்டு இடி சேர்ந்தாப்புல விழுந்தா?"

"பன்னண்டும் துளியும்."

"ரெண்டுன்னு தெரியாதா?"

"அவ்வளவா தெரியாது. கீழ இருக்கறவரைக்கும் ஒண்ணொண்ணும் தெரியும். மேல போகப் போக ஒண்ணு கூடினாலும் தெரியாது, ஆயிரம் கூடினாலும் தெரியாது. பெருசுல சின்னது கரைஞ்சு போயிடும்."

"அது பரவாயில்லையா?"

"அத்தனை பெரிய இரைச்சல்ல யாரு வந்து யாரைக் கூப்பிடப் போறா?"ன்னுச்சு சுருளி.

அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு.

பத்தாயிரம் நத்தை வேலைக்கு இறங்குச்சு. சுண்ணாம்பு மண்ணைத் தின்னு, எச்சிலைக் குழைச்சு, அரிசியளவு கூடு கூடா செஞ்சுச்சுங்க. ஆளுக்கு ரெண்டு. முதல் ஜோடி வெள்ளச்சி குட்டிக்கு. அப்புறம் மானு, குரங்கு, மனுசன், கீரி, எல்லாருக்கும். கீரி காதுல சுருளி கூட்டை வச்சுவிடும்போது, "உங்களுக்கு எப்போ?"ன்னு கீரி கேட்டுச்சு.

"எல்லாருக்கும் ஆகட்டும்."

"ஆமா, எதுலயும் கடைசியாத்தானே வருவீங்க."

சுருளியும் சேர்ந்து சிரிச்சுச்சு. யானைக்குக் கூடு வச்சு முடிக்கும்போது வானம் இருட்டிக்கிட்டு வந்துடுச்சு. நத்தைங்களுக்கு ஒண்ணுகூடச் செய்யல.

இடி விழுந்துச்சு. வெள்ளச்சி கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு. வயித்துக்கடியில இருந்து குட்டி தலையை நீட்டி, "அம்மா, மேல என்னமோ உருளுது"ன்னுச்சு. அவ்வளவுதான். வெள்ளச்சி அழுதுக்கிட்டே அதோட காதை மோந்து மோந்து பாத்துச்சு. காடே மழையில ஆடுச்சு. நத்தைங்க ஓட்டுக்குள்ள இருந்ததால உயிர் தப்புச்சு, காது மட்டும் வெடிச்சுப்போச்சு. ஆடிக்கிட்டிருந்தவங்க யாருக்கும் அது தெரியல.

மழை விடல. விடியறதுக்குள்ள ஏரிக்கரை உடைஞ்சுச்சு. எல்லாரும் குன்றைப் பாத்து ஓடுனாங்க. குன்றுக்கு ஒரே ஒத்தையடிப் பாதைதான். தண்ணி ஏறறதைப் பாத்து, மெதுவா போறதுங்கறதால முந்தின நாளே கிளம்பி அந்தப் பாதையில ஊர்ந்துக்கிட்டிருந்ததும் அந்தப் பத்தாயிரம் நத்தைங்கதான். பின்னால இத்தனை காலு வர்றது அதுங்களுக்குக் கேக்கல. மேல வந்து விழுந்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு.

கத்துச்சுங்க. அப்போ நத்தைக்குக் குரல் உண்டு. ஒரு நத்தை கத்துனா ஆயிரம் எறும்பு, மூணு சுத்து. பத்தாயிரம் நத்தை மொத்தமா கத்துச்சு, ஏழு சுத்து. மழையும் வெள்ளமும் ஓடுற காலும் சேர்ந்து ஏற்கெனவே பத்து சுத்து. பத்தும் ஏழும் பதினேழுன்னு காது கூட்டாது. பத்து சுத்து இரைச்சல்ல ஏழு சுத்து அழுகை விழுந்தா, பத்துதான். பழைய காதா இருந்திருந்தா ஒவ்வொண்ணா எண்ணியிருக்கும். முன்னால போன கொம்பன், "மழை கொஞ்சம் வலுக்குதோ?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

வெள்ளச்சி குட்டியை வாயில கவ்விக்கிட்டு ஓடுச்சு. காலுக்கடியில என்னமோ நொறுங்கிக்கிட்டே வந்துச்சு. கூழாங்கல்லுன்னு நினைச்சுக்கிச்சு.

மழை நின்னுச்சு. குட்டியை ஒரு பாறை மேல விட்டுட்டு வெள்ளச்சி மூச்சு வாங்குச்சு. அந்த அமைதியில, கீழ பாதையில இருந்து ஒரு அழுகை வந்துச்சு. மெலிசா, ஆனா தெளிவா. மூணு சுத்து. வெள்ளச்சி இறங்கி ஓடுச்சு.

பாதை முழுக்க ஓடு. நடுவுல சுருளி. முதுகு பாதி உடைஞ்சு, கடுகு மாதிரி இருந்த அந்தப் பழைய வீடு வெளியில தெரிஞ்சுச்சு.

"அப்பவே ஏன் கத்தல சுருளி? ஒரு சத்தம் குடுத்திருந்தா நின்னிருப்பேனே"ன்னுச்சு வெள்ளச்சி.

சுருளிக்குக் கேக்கல. வெள்ளச்சி வாய் அசையறதைப் பாத்துக்கிட்டே அது கேட்டுச்சு: "நாங்க அத்தனை பேரும் கத்துனோமே வெள்ளச்சி. எத்தனை சுத்து ஏறுச்சு?"

வெள்ளச்சி முன்னங்காலைத் தூக்குச்சு. ஏறுன சுத்துக்கு மண்ணுல ஒரு கோடாவது போட்டுக் காட்டணும். போட ஒண்ணுமில்ல. தூக்குன காலை அப்படியே வச்சுக்கிட்டு நின்னுச்சு.

சுருளி அந்த வெறும் மண்ணை ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் கொம்பை உள்ள இழுத்து, உடைஞ்ச ஓட்டுக்குள்ள தன்னை மூடிக்கிச்சு.

அன்னியில இருந்துதான் நத்தைக்குக் காதும் இல்ல, குரலும் இல்ல. நம்ம எல்லார் காதுக்குள்ளயும் மட்டும் சின்னதா ஒரு நத்தைக்கூடு சுருண்டு கிடக்கு. அன்னியில இருந்துதான் பக்கத்து வீட்டுல ஒருத்தர் அழுதா சோத்துக் கையோட ஓடுறோம், எங்கயோ பத்தாயிரம் பேர் அழுதா மழை கொஞ்சம் வலுத்த மாதிரிதான் இருக்கு. உங்க காதுலயும் அப்படித்தான் விழுதா?