சொல்லாமல் விட்ட வரி

வேதாகமத்தில் படைத்தலைவன் நாமான் யோர்தான் ஆற்றில் முங்கி எழுந்ததையும், தொழுநோய் நீங்கி அவன் தோல் சின்னப் பிள்ளையின் தோலாக மாறியதையும் பனிமயம் பிசகில்லாமல் வாசித்தாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

காலைத் திருப்பலிக்கு வந்திருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். 'இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு' என்று வாசகர் சொன்னால்தானே, 'இறைவா உமக்கு நன்றி' என்று மக்கள் பதில் சொல்ல முடியும்? பழக்கத்தில் வாயைத் திறந்த உபதேசியார் பாதியை விழுங்கினார். எல்லாரும் தனிஸ்லாஸ் சாமியாரைப் பார்த்தார்கள். அந்த ஒரு வரியை அவரே சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவரோ கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்து பாடகர்களிடம் தலையசைத்தார். திருப்பாடல் தொடங்கியது.

மறந்துவிட்டாள் என்றுதான் ஊர் நினைத்தது. பனிமயமா மறப்பாள்? சாமியார் அவளைவிட இளையவர்தான், ஆனாலும் வேதாகமத்தில் அவள் கற்றதெல்லாம் அவரிடம்தான். நாளைய வாசகத்தை இன்றைக்கே எடுத்துவைத்துக்கொண்டு யோசிக்காதவர்கள் மைக் பக்கம் வரக் கூடாது என்பது அவர் கட்டளை. அவள் ஒருநாளும் அதில் தவறியதில்லை. வந்த வினையே அதுதான்.

பூசை முடிந்ததும், சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குப் போனாள்.

"சாமி, இனிமே நான் வாசிக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

அவர் காரணம் கேட்கவில்லை. அவளே கொட்டித் தீர்த்தாள். அவள் கணவர் சந்தியாகு படகு ஓட்டிய மனிதர். கடலிலிருந்து அவர் போடும் சத்தம் கரைக்குக் கேட்கும். வாதம் அடித்துப் படுத்த பிறகு பேச்சும் போய், இடது கை மட்டும்தான் மிச்சம். அவளும் நோன்பிருந்தாள், வேளாங்கண்ணிக்கு நடந்தாள், மந்திரித்த எண்ணெயைப் பூசினாள். கோயிலில் புத்தகத்தைத் திறந்தால் தினமும் யாராவது குணமாகிறார்கள். குருடன் பார்க்கிறான், முடவன் நடக்கிறான். வீட்டுக்குப் போனால் அவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்.

"ஒண்ணு, என் விசுவாசம் பத்தல. இல்லாட்டி இதுல எழுதியிருக்கது எங்க வீட்டுக்கு இல்ல. மனசு ஒப்பாம, ஆண்டவரு வாக்குன்னு அவரு சந்நிதியிலயே நின்னு பொய் சொல்ல என்னால ஆகாது சாமி."

சாமியார் தோளில் கிடந்த ஊதாப் பட்டையை எடுத்து முத்தமிட்டு மடித்து வைத்தார்.

"இன்னைக்கு வாசகத்துல யார் யாரு வாராங்கம்மா?"

இந்த நேரத்தில் பரீட்சை வைக்கிறாரே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் சொன்னாள். நாமான், அவனுடைய ராஜா, இஸ்ரயேல் ராஜா, இறைவாக்கினர் எலிசா, வேலைக்காரர்கள்.

"இன்னும் ஒரு ஆளு."

"நாமான் வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ள. சண்டையில சிறைபிடிச்சுட்டு வந்தது. எங்க ஊரு இறைவாக்கினர்கிட்ட போனா நோவு தீரும்னு முதல்ல சொன்னது அதுதான்."

"நாமானுக்குச் சரியாயிட்டு. அந்தப் பிள்ள வீட்டுக்குப் போச்சா?"

பனிமயம் யோசித்தாள். நேற்று சாயங்காலம் முழுக்க அந்த வாசகத்தோடு உட்கார்ந்திருந்தவள், அந்தப் பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அதுல போடல சாமி."

"நானும் தேடிப் பாத்துட்டேன். போடல." சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

ஆறுதல் கேட்டு வந்தவளுக்குக் கேள்வியைக் கொடுத்து அனுப்புகிற சாமியாரை என்ன சொல்வது? பனிமயம் கோபத்தோடு நடந்தாள். அவள் வீடு கடற்கரைத் தெருவின் கடைசி வீடு. கோயில் கோபுரத்து ஒலிபெருக்கி, காற்று மனசு வைத்தால்தான் அங்கே தெளிவாகக் கேட்கும். வழியெல்லாம் அந்தப் பிள்ளை கூடவே வந்தது. பிடித்துக்கொண்டு வந்தவன் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, அவனுக்கே குணமாக வழி சொல்ல அதற்கு எப்படி மனசு வந்தது?

வாசலில் பக்கத்து வீட்டு ரீத்தம்மாள் நின்றிருந்தாள். பனிமயம் கோயிலுக்குப் போகும் நேரத்தில் சந்தியாகுவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"மதினி, அண்ணன் கைய எறக்க மாட்டேங்காக."

பனிமயம் உள்ளே ஓடினாள். படுக்கையிலிருந்து சந்தியாகுவின் இடது கை உயர்ந்து நின்றது. நரம்பு புடைத்து, வெடவெடவென்று நடுங்கியது.

தினமும் நடப்பதுதான் என்று ரீத்தம்மாள் விவரம் சொன்னாள். ஒலிபெருக்கியில் பனிமயத்தின் குரல் வந்ததும் அவர் கையைத் தூக்குவாராம். 'அருள்வாக்கு' என்று அவள் முடித்ததும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்துவிட்டுக் கையை இறக்குவாராம். இன்றைக்கு வாசகம் வந்தது, அந்த வரி வரவில்லை.

"நான் பிடிச்சு எறக்கினாலும் திரும்பத் தூக்குதாக. நீங்க இன்னும் முடிக்கலியாம்."

பனிமயத்துக்கு இது தெரியாது. அந்த நேரத்தில் அவள் என்றைக்கும் கோயிலில்தானே நிற்கிறாள்? தெரிந்திருக்கும் என்று ரீத்தம்மாளும் சொன்னதில்லை.

கட்டிலில் உட்கார்ந்து அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு."

சந்தியாகுவின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. கை இறங்கி அவள் மடியில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பனிமயம் அழுதாள். ரீத்தம்மாள் பார்க்கிறாளே என்றுகூட அடக்கவில்லை.

சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போனபோது, சாமியார் பீடத்தில் வழிந்திருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காலையில் வீட்டில் நடந்ததை அவரிடம் சொன்னாள்.

"நாளைக்கு வாசகம் நான்தான் சாமி. வேற யாருகிட்டயும் குடுத்துராதீங்க."

"விசுவாசம் வந்துட்டுதா?"

"அது தெரியாது. அவுக எந்திரிக்கலங்கிற கோவம் அப்படியேதான் இருக்கு. அந்தக் கோவத்தோடதான் மைக் முன்னால நிப்பேன். அந்தப் பிள்ளயும் அடிமையா இருந்துக்கிட்டுத்தான வழி சொல்லுச்சு. ஆனா கடைசி வரிய விட மாட்டேன்."

சாமியார் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, திறந்திருந்த கதவு வழியாகக் கடற்கரைத் தெருவைப் பார்த்தார்.

"அப்போ சத்தமா வாசிங்கம்மா. காத்து எதுத்து அடிக்குது, உங்க வீடு தூரம்."